புது பெயின்ட்டை நம்பாதீங்க: பழைய கன்டெய்னர் வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

எண்ணூர் விரைவுச் சாலையில் தினமும் போய்வருபவர்களுக்கு கன்டெய்னர் புதுசு இல்லை. துறைமுகத்தின் ஜீரோ கேட்டுக்குள் நுழைய வரிசைகட்டி நிற்கும் டிரெய்லர் லாரிகளின் முதுகில் பார்த்துப் பார்த்து சலித்துப்போன பெட்டி அது. ஆனால் சில வருஷமா அதே பெட்டி லாரியை விட்டுக் கீழே இறங்கியிருக்கிறது. ஒரு இடத்தில் ஜூஸ் கடை, இன்னொரு இடத்தில் சைட் ஆபீஸ், குடோன் வாசலில் செக்யூரிட்டி ரூம். கட்டுமான வேலை நடக்கும் இடங்களில் வெளியூர்த் தொழிலாளர்கள் படுக்கும் அறையும் அதுதான்.

காரணம் எளிமையானது. செங்கல் வைத்துக் கட்ட நாளாகும். கன்டெய்னர் என்றால் காலையில் கிரேனில் இறக்கி, சாயங்காலம் லைட் போட்டுவிடலாம். இடத்தைக் காலி பண்ணச் சொன்னால் பெட்டியோடு கிளம்பிவிடலாம். கையில் கொஞ்சம் சேமிப்பை வைத்துக்கொண்டு சொந்தமாக ஏதாவது தொடங்க நினைக்கும் இளைஞர்களுக்கு இது நல்ல வழிதான்.

சிக்கல் வாங்கும் இடத்தில் இருக்கிறது. பழைய பைக் வாங்கும்போது ஆர்.சி. புக் பார்க்கிறோம், தெரிந்த மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போகிறோம். ஆனால் கன்டெய்னர் என்றால் புரோக்கர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் நாலு போட்டோவைப் பார்த்து அட்வான்ஸ் போட்டுவிடுகிறோம். போட்டோவில் தெரிவது நேற்று அடித்த நீலப் பெயின்ட் மட்டும்தான்.

வெளிநாடுகளில் காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் பழைய டிராவல் டிரெய்லரை வாங்குகிறவர் முதலில் கூரை ஒழுகுகிறதா, தரை உளுத்திருக்கிறதா என்றுதான் பார்ப்பார். நம்ம ஊரில் அந்த டிரெய்லரின் வேலையைச் செய்வது இந்த இரும்புப் பெட்டி. அப்போ அதே கவனம் இங்கேயும் வேண்டாமா?

எதற்காகப் பணம் கொடுக்கிறோம்?

1956 ஏப்ரல் 26 அன்று அமெரிக்காவின் நியூவார்க் துறைமுகத்திலிருந்து ஹூஸ்டனுக்கு 'ஐடியல் எக்ஸ்' என்ற கப்பல் 58 பெட்டிகளோடு கிளம்பியது. நவீன கன்டெய்னர் போக்குவரத்தின் கதை அங்கிருந்துதான் சொல்லப்படுகிறது. அதைச் செய்த மால்கம் மெக்லீன் ஒரு லாரி கம்பெனிக்காரர். லாரி டிரெய்லரின் உடம்பை மட்டும் கழற்றிக் கப்பலில் ஏற்றினால் என்ன என்பதுதான் அவர் யோசனை. சென்னைத் துறைமுகத்தில் தனி கன்டெய்னர் முனையம் 1983-ல் வந்தது. இன்று சென்னை, எண்ணூர் காமராஜர், காட்டுப்பள்ளி என்று அடுத்தடுத்து மூன்று துறைமுகங்கள் இருப்பதால், வடசென்னையில் யார்டுகளுக்கும் பழைய பெட்டிகளுக்கும் பஞ்சமே இல்லை.

இப்போ ஒரு சின்னக் கணக்கு. 20 அடி கன்டெய்னர் காலியாக இருக்கும்போது ஏறக்குறைய 2.2 முதல் 2.4 டன் எடை. துல்லியமான எடை கதவிலேயே 'டேர்' என்ற தலைப்பின் கீழ் எழுதியிருக்கும். அதைக் காயலான் கடையில் அன்றைக்கு இரும்பு என்ன விலைக்குப் போகிறதோ அதோடு பெருக்கினால், அந்தப் பெட்டியின் அடிமட்ட விலை கிடைத்துவிடும். எவ்வளவு ஓட்டை உடைசலாக இருந்தாலும் எடைக்குப் போட்டால் கிட்டத்தட்ட அந்தக் காசு வரும்.

அதற்கு மேல் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயும் 'இது ஒழுகாது, இடியாது, உள்ளே இருப்பவர்களுக்குக் கெடுதல் செய்யாது' என்ற நம்பிக்கைக்கான விலை. ஆக, வாங்குபவர் வாங்குவது இரும்பை மட்டும் அல்ல, அந்தப் பெட்டியின் கடந்த காலத்தையும் சேர்த்துத்தான். அந்தக் கடந்த காலத்தைக் கேட்பது பேரம் இல்லை, உரிமை.

பெட்டியின் ஜாதகம் கதவில் இருக்கிறது

கன்டெய்னருக்கு ஆர்.சி. புக் கிடையாது. ஆனால் உலகம் முழுக்க ஒரே மாதிரியான ஓர் எண் உண்டு. நான்கு எழுத்துகள், ஆறு இலக்கங்கள், கடைசியில் கட்டத்துக்குள் ஒரு சோதனை இலக்கம். முதல் மூன்று எழுத்துகள் சொந்தக்காரரைக் குறிப்பவை. அவற்றைப் பாரிஸில் இருக்கும் சர்வதேச கன்டெய்னர் அமைப்பு பதிவு செய்கிறது. நான்காவது எழுத்து பெரும்பாலும் 'யூ'. கடைசி இலக்கம் மற்ற பத்தையும் வைத்துக் கணக்குப் போட்டு வருவது. எண்ணில் ஓர் எழுத்தோ இலக்கமோ மாறியிருந்தால் பெரும்பாலும் கணக்கு இடிக்கும். இதைச் சரிபார்க்க ஆன்லைனில் இலவசக் கால்குலேட்டர்களே இருக்கின்றன. போனில் ஒரு நிமிஷ வேலை.

இந்த எண் கதவிலும், இரண்டு பக்கச் சுவரிலும், பின்பக்கமும், கூரையிலும் எழுதப்பட்டிருக்கும். எல்லா இடத்திலும் பெயின்ட் அடித்து மறைத்திருந்தால் அது முதல் சிவப்புக் கொடி. நிறம் மாற்றுவது தப்பில்லை. ஆனால் எண் என்ன என்று கேட்டால் விற்பவர் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும், அதை பில்லிலும் எழுதித் தர வேண்டும்.

அடுத்து, கதவில் ரிவெட் அடித்த ஓர் உலோகத் தகடு. 1972-ம் ஆண்டின் பாதுகாப்பான கன்டெய்னர்களுக்கான சர்வதேச ஒப்பந்தப்படி பொருத்தப்படும் தகடு இது. யார்டில் 'சி.எஸ்.சி. பிளேட்' என்பார்கள். தயாரித்த மாதமும் வருஷமும் இதில் இருக்கும். ஒப்பந்தப்படி முதல் பரிசோதனை ஐந்து ஆண்டுக்குள் நடக்க வேண்டும், அதன் பிறகு 30 மாதத்துக்கு ஒருமுறை. அல்லது தொடர் பரிசோதனைத் திட்டத்தில் இருப்பதற்கான குறிப்பு இருக்கும். கடையாக நிறுத்தப்போகிற பெட்டிக்கு இந்தப் பரிசோதனை செல்லுபடியாக வேண்டும் என்பதில்லை. ஆனால் வயசு தெரியும். 'பத்து வருஷப் பெட்டி சார்' என்று சொல்லும்போது தகடு இருபது என்று காட்டினால், மற்ற விஷயங்களையும் அதே சந்தேகத்தோடு பார்க்கலாம்.

அதே தகட்டில் பலரும் கவனிக்காத ஒரு வரியும் இருக்கும். தரைப் பலகைக்கு என்ன பூச்சிமருந்து, எந்த வருஷம் போட்டார்கள் என்ற விவரம். ஆஸ்திரேலியாவின் தாவரப் பாதுகாப்பு விதிகளுக்காக வந்த வழக்கம் இது. அந்தப் பலகை மேல் பாய் விரித்துப் படுக்கப்போகிறவர்களுக்கு இதைவிட முக்கியமான வரி வேறில்லை.

உள்ளே என்ன ஏற்றினார்கள்?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் ரொம்பக் குறைவு. வடசென்னையில் இருப்பவர்கள் கேட்காமல் இருக்கவே கூடாது.

2020 ஆகஸ்ட் 4 அன்று பெய்ரூட் துறைமுகத்தில் அம்மோனியம் நைட்ரேட் வெடித்தபோதுதான், மணலியில் ஒரு சரக்குப் பெட்டக நிலையத்தில் அதே வேதிப்பொருள் சுமார் 700 டன் கிடப்பது பொதுமக்களுக்குத் தெரிந்தது. 2015-ல் சுங்கத்துறை பறிமுதல் செய்த அந்தச் சரக்கு, ஐந்து வருஷம் 37 கன்டெய்னர்களில் அங்கேயே இருந்தது. அதன் பிறகுதான் ஏலம் விட்டு ஹைதராபாத்துக்கு அனுப்பினார்கள். ஒரு பெட்டிக்குள் என்ன இருக்கிறது, எத்தனை வருஷம் இருந்தது என்பது பக்கத்துத் தெருவுக்கே தெரியாமல் போகலாம் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

அதற்காக ஒவ்வொரு பழைய பெட்டியும் ஆபத்து என்று அர்த்தமில்லை. பெரும்பாலானவை துணி, டைல்ஸ், உதிரி பாகம் ஏற்றியவைதான். பார்த்துப் பிரிக்கத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். ஆபத்தான சரக்கு ஏற்றும்போது பெட்டியின் பக்கங்களில் சாய்சதுர வடிவ ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். அதைக் கிழித்தாலும் பசைத் தடம் தெரியும். தரையில் எண்ணெய்க் கறை, வெள்ளைப் பொடி, ரசாயனம் ஊறிய கருப்புத் திட்டு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பதப்படுத்தாத தோல் ஏற்றிய பெட்டியின் வாடை எத்தனை முறை கழுவினாலும் வெயில் ஏறினால் திரும்பி வரும். அதனால் மூக்கையும் நம்பலாம். ஆனால் முழுசா நம்பக் கூடாது.

ஏனென்றால் ஏற்றுமதி, இறக்குமதி சரக்கில் பூச்சியைக் கொல்லப் பயன்படுத்தும் மெத்தில் புரோமைடு வாயுவுக்கு நிறமும் இல்லை, அந்த அளவில் வாடையும் தெரியாது. இன்னொரு மருந்தான அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை வேலை முடிந்ததும் சாம்பல் நிறப் பொடியை விட்டுப்போகும். மூலையில் அப்படிப் பொடி கிடந்தால் கையால் தொடக் கூடாது.

இருட்டில் ஒரு சோதனை, கவனத்தோடு

சரி, ஒழுகுகிறதா என்று எப்படிப் பார்ப்பது? யார்டுக்காரர்கள் செய்வதையே செய்யலாம். உச்சி வெயில் நேரத்தில் உள்ளே நின்று கதவை முழுதாகச் சாத்தினால், கூரையிலோ சுவரிலோ ஊசி முனை அளவு ஓட்டை இருந்தாலும் வெளிச்சம் நட்சத்திரம் மாதிரி தெரியும். அந்த இடங்களைச் சாக்பீஸால் வட்டமிட்டு வைத்தால் பேரத்துக்கும் உதவும், வெல்டருக்கும் உதவும்.

ஆனால் இந்தச் சோதனையில்தான் உயிருக்கு ஆபத்தான தப்பும் நடக்கலாம். கன்டெய்னர் கதவை உள்ளேயிருந்து திறக்க முடியாது, லாக்கிங் ராடு வெளியே இருக்கிறது. மூடியே கிடந்த பெட்டியில் பழைய வாயு தேங்கியிருக்கலாம். அதனால் முதலில் இரண்டு கதவையும் நன்றாகத் திறந்து நீண்ட நேரம் காற்றாட விட வேண்டும். தெரிந்த ஒருவர் வெளியே கதவுப் பக்கத்திலேயே நிற்க வேண்டும். உள்ளே இருப்பது ஓரிரு நிமிஷம் போதும். கண் எரிந்தாலோ தலை சுற்றினாலோ உடனே வெளியே வந்துவிட வேண்டும். குழந்தைகளை யார்டு பக்கமே கூட்டிப்போகக் கூடாது.

உப்புக்காற்று ஊரில் துருவைப் படிப்பது எப்படி?

'இது கார்டென் ஸ்டீல், துருப் பிடிக்காது' என்று விற்பவர்கள் சொல்வதுண்டு. பாதிதான் உண்மை. இந்த இரும்பில் மேலே படியும் துரு ஒரு கவசம் மாதிரி இறுகி, உள்ளே அரிப்பதைத் தடுக்கும். ஆனால் அந்தக் கவசம் உருவாக, ஈரமும் உலர்வும் மாறி மாறி வர வேண்டும். கடல் உப்பு தொடர்ந்து படிகிற இடத்தில் அது சரியாக இறுகாது. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கடலை ஒட்டியே இருக்கும் ஊர்களில் பெட்டியைக் காப்பாற்றுவது பெயின்ட்தான். அதனால் பெயின்ட்டுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று பார்ப்பது இன்னும் முக்கியம்.

சின்னச் சுத்தியல் ஒன்று போதும். நல்ல இரும்பைத் தட்டினால் கணீர் என்று கேட்கும். துரு அரித்த இடமோ பட்டி வைத்துப் பூசிய இடமோ 'டொக்' என்று சொல்லும். தட்ட வேண்டிய இடங்கள்:

- அடிப்பகுதி: தரையைத் தாங்கும் குறுக்குச் சட்டங்கள். பெட்டி உட்கார்ந்திருந்தால் கிரேன் வைத்துத் தூக்கிக் காட்டச் சொல்ல வேண்டும். மாட்டேன் என்றால் அந்தப் பெட்டியே வேண்டாம். சுவர் ஓட்டையை அடைத்துவிடலாம், அடிச்சட்டம் போனால் தரையே போச்சு.
- நான்கு மூலைத் தூண்கள்: பெட்டியின் பலம் முழுக்க இவற்றில்தான். வளைந்திருந்தாலோ வெட்டி ஒட்டிய தடம் இருந்தாலோ விலகிவிடுவது நல்லது.
- கூரை: தகடு சுமார் 2 மில்லிமீட்டர்தான். பள்ளம் விழுந்த இடத்தில் மழைத்தண்ணீர் தேங்கி, அங்கிருந்துதான் அரிப்பு தொடங்கும். ஏணி போட்டுப் பார்க்க வேண்டும்.
- கதவு: ஒரே ஆள் திறந்து மூட முடிகிறதா? கஷ்டப்பட்டால் சட்டம் கோணியிருக்கலாம். ரப்பர் கேஸ்கெட் வெடித்திருந்தால் மாற்றும் செலவைக் கணக்கில் சேர்க்க வேண்டும்.
- தரை: 28 மில்லிமீட்டர் பிளைவுட். நடந்து பார்த்தால் மெத்தென்று அழுந்தக் கூடாது.

தரையோடு சேர்த்து இந்தப் பகுதிக்கே உரிய ஒரு கேள்வியும் உண்டு: 2023 டிசம்பரில் இந்தப் பெட்டி எங்கே இருந்தது? மிக்ஜாம் புயல் மழையில் மணலி, எண்ணூர் பக்கம் தண்ணீர் தேங்கியது மட்டும் இல்லை, மணலி சுத்திகரிப்பு ஆலைப் பகுதியிலிருந்து எண்ணெயும் வெள்ளத்தோடு கலந்து எண்ணூர் முகத்துவாரம் வரை போனது. தாழ்வான இடத்தில் இருந்த பெட்டி என்றால், கதவின் கீழ் இடுக்கு வழியாக அந்தத் தண்ணீர் உள்ளே போயிருக்கலாம். உள்சுவரில் ஒரே மட்டத்தில் ஓடும் அழுக்குக் கோடும், பலகை ஓரங்களில் பிரிந்து நிற்கும் அடுக்குகளும் அதைக் காட்டிக் கொடுக்கும்.

பேப்பர் சரியாக இருக்கிறதா?

வெளிநாட்டுக் கப்பல் கம்பெனிகளின் பெட்டிகள் இந்தியாவுக்குள் பொதுவாக வரி கட்டாமல்தான் வருகின்றன. சுங்க விதிகளின்படி, ஆறு மாதத்துக்குள் திருப்பி அனுப்புவோம் என்று பத்திரம் எழுதிக் கொடுத்து உள்ளே கொண்டுவரலாம். தேவைப்பட்டால் கால நீட்டிப்பு கேட்கலாம். அப்படி வந்த பெட்டியை இங்கேயே விற்க வேண்டும் என்றால் சுங்க வரி கட்டியிருக்க வேண்டும். அதற்கான ஆவண நகலையும், பெட்டி எண் போட்ட ஜி.எஸ்.டி. பில்லையும் கேட்டு வாங்குவது அவசியம்.

'கஸ்டம்ஸ் ஏலத்துல எடுத்தது' என்ற வார்த்தையிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. இறக்கிய 30 நாளில் யாரும் எடுக்காத சரக்கை, சுங்கச் சட்டம் 1962-ன் 48-வது பிரிவின்படி அனுமதி பெற்று விற்கலாம். ஆனால் அது சரக்குக்குத்தான். பெட்டி பெரும்பாலும் கப்பல் கம்பெனிக்கோ வாடகைக்கு விட்ட கம்பெனிக்கோ சொந்தம். அவர்கள் விற்றதற்கான பேப்பர் தனியாக இருக்க வேண்டும்.

இதோடு இறக்கும் செலவையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. ராயபுரம், காசிமேடு சந்துகளில் டிரெய்லர் திரும்புமா, ஹைட்ரா கிரேன் கையைத் தூக்கினால் மேலே கரன்ட் வயர் இருக்கிறதா என்று பார்க்காமல் அட்வான்ஸ் கொடுத்தால், பெட்டி தெருமுனையிலேயே நிற்கும். சக்கரம் வைத்து நகரும் கடையாக மாற்றினால் அது மோட்டார் வாகனச் சட்டத்துக்குள் வந்துவிடும், பதிவு தேவை. நிலையாக வைத்தாலும் மாநகராட்சியிடம் தொழில் உரிமம், கட்டட விதிகள் பற்றிக் கேட்டுவிடுவது நல்லது.

வாங்குபவர் மட்டும் கவனமாக இருந்தால் போதுமா?

போதாது. இதுதான் இந்த வியாபாரத்தில் மாற வேண்டிய விஷயம்.

கடை போடும் இளைஞர் சுத்தியலோடு போய்த் தட்டிப் பார்த்து வாங்கலாம். பிடிக்கவில்லை என்றால் வேண்டாம் என்று சொல்லலாம். ஆனால் கான்ட்ராக்டர் வாங்கிப் போட்ட பெட்டியில் படுக்கும் பீகார், ஒடிசாத் தொழிலாளிக்கு அந்த வாய்ப்பு இல்லை. மே மாத வெயிலில் இரும்புக் கூரைக்குக் கீழே, பூச்சிமருந்து போட்ட பலகை மேல் தூங்குவது அவர்தான். பெட்டிக்குள் முன்பு என்ன ஏற்றினார்கள் என்று அவரிடம் யாரும் சொல்லப்போவதில்லை.

அதனால் மூன்று விஷயங்கள் கட்டாயமாக வேண்டும். ஒன்று, பெட்டி எண், தயாரித்த வருஷம், தெரிந்தவரை கடைசியாக ஏற்றிய சரக்கு ஆகியவற்றை விற்பவர் பில்லில் எழுத வேண்டும். இரண்டு, ஆபத்தான சரக்கு ஏற்றிய பெட்டி, சுத்தம் செய்ததற்கான சான்று இல்லாமல் ஆள் புழங்கும் இடத்துக்குப் போகக் கூடாது. மூன்று, ஆட்கள் தங்கும் கன்டெய்னர் என்றால் ஜன்னல், வெப்பத்தடுப்பு, உள்ளேயிருந்து திறக்கும் கதவு மூன்றும் இருக்கிறதா என்று உள்ளாட்சி அதிகாரிகள் நேரில் பார்க்க வேண்டும்.

இதனால் விலை ஏறும், சின்ன வியாபாரிகள் பாதிக்கப்படுவார்கள் என்ற வாதம் வரும். அதில் கொஞ்சம் நியாயமும் இருக்கிறது. சுத்தம் செய்யவும் ஜன்னல் வைக்கவும் செலவாகும். ஆனால் முதல் விஷயத்துக்குக் காசே தேவையில்லை. எந்தப் பெட்டியில் என்ன ஏற்றினோம் என்பது கப்பல் கம்பெனிகளின் பதிவில் ஏற்கெனவே இருக்கிறது. அதை ஒரு வரியாக பில்லில் எழுத ஆகும் செலவு, ஒரு பக்கச் சுவருக்கு நீலப் பெயின்ட் அடிக்கும் செலவைவிடக் குறைவு.

அந்த விதி வரும் வரைக்கும் வாங்குபவர்தான் கேட்டாக வேண்டும். எண் என்ன, வயசு என்ன, என்ன ஏற்றினது, பேப்பர் எங்கே? இந்த நாலு கேள்விக்கும் பதில் சொல்லாத பெட்டிக்குக் காயலான் கடை விலைக்கு மேல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டியதில்லை. அதில் ஒருவர் தூங்கப்போகிறார் என்றால், அந்த விலைக்கும் வேண்டாம்.